மலையில் பழைய ஸ்பிட்ஃபயர்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிப்பது

குன்னூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள தகர ஷெட்டில், 1968-ம் ஆண்டு டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை நான்கு வருடமாகப் பிரித்துச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு எஸ்டேட் பங்களாவில் சாக்கு மூடிக் கிடந்த வண்டி. இப்போது ஓடுகிறது. ஊட்டிக்கு ஏறுகிறது, மேட்டுப்பாளையத்துக்கு இறங்குகிறது.

இந்த வண்டி நமக்கு அவ்வளவு அந்நியம் இல்லை. 1962-ல் வந்த ஸ்பிட்ஃபயர், டிரையம்ப் ஹெரால்டின் சேஸிஸை அடிப்படையாக வைத்துக் கட்டப்பட்டது. அந்த ஹெரால்டுதான் சென்னையில் ஸ்டாண்டர்டு கம்பெனி செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. எஞ்சினும் அதே குடும்பம். நம்மூர் ஹெரால்டில் 948 சிசி, என் வண்டியில் 1296 சிசி. அதனால் ஹெரால்டு பார்த்துக் கை பழகிய பெரியவர்கள் இந்த எஞ்சினைத் திறந்ததும் உறவுக்காரரைப் பார்த்ததுபோல் பேசுவார்கள். சில்லறைச் சாமான்கள் சில கோயம்புத்தூர் உக்கடத்திலும் சென்னை புதுப்பேட்டையிலும் தேடினால் கிடைக்கும். பிஸ்டன், கிராங்க் பொருந்தாது. எதை வாங்கினாலும் பழைய சாமானைக் கையோடு எடுத்துப்போய் ஒப்பிட்டு வாங்குங்கள்.

இந்த நான்கு வருடத்தில் நான் தவறான இடத்தில் தேடிய கோளாறுகளை எண்ணிப் பார்த்தால், பெரும்பாலானவை வண்டியின் தேய்மானமே இல்லை. மெலிந்த காற்று, விடாத ஈரம், ஓயாத சரிவு. இவை செய்த வேலை. சமவெளியில் எழுதிய சர்வீஸ் புத்தகம் "இந்த அறிகுறிக்கு இந்தச் சாமானை மாற்று" என்று சொல்லும். இங்கே அப்படி நேராகப் போனால் நல்ல சாமானைக் கழற்றி எறிவோம். அதனால் ஒவ்வொரு அறிகுறியிலும் முதலில் மலையைச் சந்தேகப்படுங்கள், அப்புறம் வண்டியை.

வேலைக்கு முன் கையில் இருக்க வேண்டியவை: மல்டிமீட்டர், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடுகள்), டைமிங் லைட் (ஸ்பார்க் வரும் நேரத்தைக் காட்டும் விளக்கு), ஒரு நோட்டு, கட்டாயம் ஒரு தீயணைப்பான். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். செய்ததை நோட்டில் எழுத வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றி வண்டி சரியாகிவிட்டால், எது சரிசெய்தது என்று கடைசிவரை தெரியாது.

செல்ஃப் போட்டால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்

பேட்டரியை சார்ஜ் செய்து பார்த்தும் இதே கதை என்றால், செல்ஃப் மோட்டாரைக் கழற்றாதீர்கள். புதிதாகப் பெயிண்ட் அடித்துச் சேர்த்த வண்டியில் இது பெரும்பாலும் எர்த் கோளாறு. எஞ்சின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் பாடிக்கும் கரண்ட் போக ஒரே வழி எர்த் பட்டைதான். அந்தப் பட்டை பிடிக்கும் இடத்தில் நாம் ஆசையாக இரண்டு கோட்டு பெயிண்ட் அடித்திருப்போம். பெயிண்ட் வழியாகக் கரண்ட் போகாது.

மல்டிமீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும் இன்னொன்றை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து, ஒருவரை செல்ஃப் போடச் சொல்லுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. பட்டையைக் கழற்றி, இரண்டு பக்கமும் உப்புத்தாளால் பளிச்சென்று உலோகம் தெரியும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். இங்கே உள்ள பனிமூட்டத்துக்கு வாசலின் தடவாத எர்த் ஒரு மழைக்காலம் தாங்காது.

இதே எர்த் பின்பக்கத்திலும் விளையாட்டுக் காட்டும். இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட்டும் சேர்ந்து மினுக்கினால், பின் விளக்குக் கூட்டின் எர்த்தைப் பாருங்கள். ஒயரிங் முழுவதையும் பிரிக்க வேண்டியதில்லை. இன்னொன்று: 60-களின் பிரிட்டிஷ் வண்டிகளில் பல பாசிட்டிவ் எர்த். பேட்டரி மாட்டுவதற்கு முன் உங்கள் வண்டி எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, காலையில் மட்டும் எஞ்சின் பிடிக்கவில்லை

மதியம் வெயில் வந்ததும் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகிறதா? அப்படியானால் பெட்ரோலை விட்டுவிடுங்கள், ஈரத்தைப் பிடியுங்கள். இரவு முழுவதும் மூடுபனி ஷெட்டுக்குள் வந்து, ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள் வேர்த்து நிற்கும். மூடியைக் கழற்றி, உள்ளே துணியால் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். பென்சில் கோடு போல மெல்லிய கறுப்புக் கோடு ஓடினால், ஸ்பார்க் அந்த வழியாகக் கசிகிறது என்று அர்த்தம். அந்த மூடியைத் துடைத்துப் பயனில்லை, மாற்ற வேண்டும்.

மூடி நன்றாக இருந்தால் இருட்டிய பிறகு பானட்டைத் திறந்து வைத்து எஞ்சினை ஓட விடுங்கள். ஒயர் கசிந்தால் பிளக் ஒயரில் நீலப் பொறி ஊர்ந்து ஓடுவது கண்ணுக்குத் தெரியும். பகலில் மணிக்கணக்கில் தேடியும் கிடைக்காத கோளாறு இருட்டில் இரண்டு நிமிடத்தில் கிடைக்கும்.

அதற்கப்புறமே பாயிண்ட், அதாவது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடி ஸ்பார்க்கை உண்டாக்கும் தொடுமுனைகள். இடைவெளி 0.015 அங்குலம். பிளக் இடைவெளி 0.025 அங்குலம். ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை) 1-3-4-2. பல மாதம் நின்ற வண்டியில் பாயிண்ட் முகத்தில் படலம் படிந்திருக்கும். மெல்லிய உப்புத்தாளை நடுவில் விட்டு இழுத்துச் சுத்தம் செய்யுங்கள். பாயிண்ட் முகம் சீக்கிரம் சீக்கிரம் கருகினால் கண்டன்சரை மாற்றுங்கள்.

ஓடுகிறது, ஆனால் இழுவை இல்லை, கரும்புகை, பிளக் கறுப்பு

மலைவாசிகள் அதிகம் ஏமாறும் அறிகுறி இதுதான். நானும் ஏமாந்தேன். கம்ப்ரஷன் போய்விட்டது என்று முடிவுகட்டி ஹெட்டைக் கழற்றும் அளவுக்குப் போனேன். பக்கத்து ஊரில் ஹெரால்டு பார்த்தே தலை நரைத்த ஒரு மெக்கானிக் அண்ணன் ஷெட்டுக்கு வந்து, எஞ்சின் சத்தத்தைக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "தம்பி, வண்டி அடைக்குதா, வெட்டுதா? அத மொதல்ல சொல்லு."

அந்தக் கேள்வியை அப்படியே உங்களுக்கும் தருகிறேன். அடைப்பது என்றால் மூச்சு முட்டுவதுபோல் கனமாக, மந்தமாக இழுப்பது. ஆக்ஸிலரேட்டரை அழுத்த அழுத்த இன்னும் மந்தமாகும். அது பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. வெட்டுவது என்றால் திடீர் திடீரென்று அறுந்து அறுந்து இழுப்பது. அது பெரும்பாலும் ஸ்பார்க், அல்லது பெட்ரோல் வராமை. என் வண்டி அடைத்தது.

காரணம் எளிது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டர் அந்த அளவுக்குப் பெட்ரோலைக் குறைப்பதில்லை. கலவை 10 சதவீதத்துக்குக் குறையாமல் தடித்துப்போகிறது. குன்னூர் சுமார் 1,850 மீட்டர். பாதிப்பு கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். எல்லாம் சரியாக இருந்தாலும் எஞ்சினின் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை மலை எடுத்துக்கொள்ளும். மார்க் 3 புதிதாக இருந்தபோது 75 குதிரைத் திறன். ஊட்டியில் 60 கிடைத்தால் எஞ்சின் ஆரோக்கியமாக இருக்கிறது என்று நிம்மதியாக இருங்கள். அந்த இழப்பைக் கோளாறு என்று நினைத்துத் தேடினால் முடிவே இருக்காது.

சரி, கலவையைத் திருத்துவது எப்படி? இரட்டை எஸ்யூ கார்புரேட்டரில் இந்த வரிசையில் போங்கள்.

முதலில் சோக். எஸ்யூவில் சோக் இழுத்தால் ஜெட் (பெட்ரோல் வரும் சிறு குழாய்) கீழே இறங்கும். சோக்கை உள்ளே தள்ளிய பிறகு ஜெட் மேலே திரும்பி ஏறியதா என்று அடியில் கைவிட்டுப் பாருங்கள். இரண்டில் ஒன்று பாதியிலேயே சிக்கி நிற்கும். அப்படி நின்றால் எவ்வளவு டியூனிங் செய்தாலும் கரும்புகை நிற்காது. மலையின் மேல் பழி போடுவதற்கு முன் இதை முடித்துவிட வேண்டும்.

அடுத்து கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டன், எஞ்சின் பிஸ்டன் அல்ல. காற்று வடிகட்டியைக் கழற்றி, விரலால் பிஸ்டனைத் தூக்கி விடுங்கள். 'டக்' என்று சுத்தமாக விழ வேண்டும். தயங்கி இறங்கினால் உள்ளே அழுக்கு, அல்லது ஊசி ஜெட்டில் உரசுகிறது. கார்புரேட்டர் பிஸ்டனின் ஏற்றத்தை மெதுவாக்கும் டேம்பரில் எஞ்சின் ஆயில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆயில் வற்றியிருந்தால் ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மிதிக்கும்போது வண்டி ஒரு கணம் தடுமாறும்.

அப்புறம்தான் ஜெட்டை ஏற்றி இறக்கும் ஜெட் நட். இரண்டு கார்புரேட்டரையும் இணைக்கும் கிளாம்பைத் தளர்த்திவிடுங்கள். நட்டை முழுவதும் மேலே ஏற்றி, அங்கிருந்து இரண்டு முழுச் சுற்று கீழே இறக்குவது வழக்கமான தொடக்க நிலை. நட்டுக்கு ஆறு முகம், ஆக 12 முகம். மேலே ஏற்றினால் கலவை மெலியும், கீழே இறக்கினால் தடிக்கும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, கார்புரேட்டர் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக மெல்லத் தூக்கிப் பாருங்கள். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் கலவை தடிப்பு. உடனே துவண்டு அணையப் பார்த்தால் மெலிவு. லேசாகக் கூடித் திரும்பினால் சரி. தடிப்பாக இருந்தால் ஒவ்வொரு முகமாக மேலே ஏற்றுங்கள், இரண்டு கார்புரேட்டரிலும் ஒரே அளவு. என் வண்டி குன்னூரில் 10 முகத்தில் சமாதானமானது. உங்களுக்கு ஒன்றிரண்டு முகம் மாறலாம்.

இரண்டும் ஒரே அளவு காற்று இழுக்கிறதா என்று பார்க்க ஒரு ரப்பர் டியூபின் ஒரு முனையைக் காதிலும் மறு முனையைக் கார்புரேட்டர் வாயிலும் வைத்துக் கேளுங்கள். இரண்டு வாயிலும் 'ஸ்ஸ்' ஒரே சுருதியில் வர வேண்டும். அதன்பின் கிளாம்பை இறுக்கி, ஒரு 10 கிலோமீட்டர் ஏற்றத்தில் ஓட்டி, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பிஸ்கட் நிறம் வந்தால் முடித்துவிடலாம். உலர்ந்த கரி என்றால் இன்னும் தடிப்பு. ஈரப் பிசுக்காகக் கறுப்பு என்றால் எஞ்சின் ஆயில் மேலே வருகிறது, அது வேறு வேலை.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கையை மனசார எழுதுகிறேன். ஊட்டிக்காக மெலிய வைத்த கலவையோடு கோயம்புத்தூருக்கோ திருச்சிக்கோ நீண்ட தூரம் ஓட்டாதீர்கள். கீழே கலவை இன்னும் மெலியும், எஞ்சின் சூடேறும், பிஸ்டன் உருகும் அளவுக்குப் போகலாம். கீழே இறங்கிப் பல நாள் ஓட்டப் போகிறீர்கள் என்றால் ஏற்றிய முகங்களைத் திருப்பி இறக்கிவிட்டுக் கிளம்புங்கள். அதற்குத்தான் நோட்டு.

ஏற்றத்தில் அணைந்துவிடுகிறது; அரை மணி நேரம் நின்றால் மீண்டும் ஓடுகிறது

கல்லாறிலிருந்து குன்னூர் ஏறும்போது, லாரிக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து வரும்போது இது வரும். இதற்கு மூன்று நான்கு காரணம் உண்டு. எல்லாமே வண்டி ஆறினால் மறைந்துவிடும். அதனால் நின்ற இடத்திலேயே, சூட்டோடு சூடாகச் சோதிக்க வேண்டும். வீட்டுக்கு வந்து பார்த்தால் எதுவும் கிடைக்காது.

வண்டியை ஓரம் கட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, முதலில் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே போனால் டேங்க்கின் மூச்சுத் துளை அடைத்திருக்கிறது. பெயிண்ட் அடித்தபோது அடைபட்டிருக்கலாம்.

அது இல்லையென்றால் பெட்ரோல் பம்ப். எஞ்சின் ஓரத்தில் கைநெம்பு உள்ள மெக்கானிக்கல் பம்ப். கார்புரேட்டருக்குப் போகும் டியூபைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, சூடான சைலன்சர் பைப் பக்கம் ஒரு சொட்டும் விழாமல், நெம்பை அழுத்துங்கள். பெட்ரோல் கெட்டியாகப் பீய்ச்ச வேண்டும். நுரையும் குமிழியுமாக வந்தால் பெட்ரோல் பைப்புக்குள்ளேயே ஆவியாகிவிட்டது. உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைவதால் பெட்ரோல் கொதிக்கவும் குறைந்த சூடே போதும். இந்த எஞ்சினில் கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட் மானிஃபோல்டும் ஒரே பக்கம், ஒன்றின் மேல் ஒன்று. அந்த நேரத்துக்கு ஈரத்துணியைப் பம்பின் மேல் போட்டால் கிளம்பிவிடலாம். நிரந்தரமாக, கார்புரேட்டருக்கும் மானிஃபோல்டுக்கும் நடுவே தகடு வைத்து, பெட்ரோல் பைப்பை எக்ஸாஸ்ட்டிலிருந்து தள்ளிக் கொண்டுபோக வேண்டும்.

பெட்ரோல் நன்றாக வருகிறதா? அப்படியானால் ஸ்பார்க்குக்கு உயர் வோல்ட் தரும் காயில். பிளக் ஒயரைக் கழற்றி ஒரு பழைய பிளக்கை மாட்டி, பெட்ரோல் கழற்றிய இடத்திலிருந்து தள்ளி, பிளாக்கில் தொட வைத்து செல்ஃப் போடுங்கள். பொறி நீலமாகத் தெறித்தால் நல்லது. மஞ்சளாக, சோம்பலாக வந்தால் சூட்டில் காயிலோ கண்டன்சரோ சோர்ந்துபோகிறது. ஒரு காயில், ஒரு கண்டன்சர், ஒரு செட் பாயிண்ட் எப்போதும் வண்டியில் வைத்திருங்கள்.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம்வரை எத்தனால் கலந்திருக்கிறது. 60-களின் ரப்பர் அதற்குச் செய்ததில்லை. பம்ப் டயாஃப்ரம் கெட்டுப்போகும், டியூப் உள்பக்கமாக உரிந்து துகளாக வந்து மிதவை ஊசியில் உட்காரும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் ஓட்டாமல் பாதி டேங்கோடு நிறுத்தினால், நம் ஊர் ஈரத்தில் டேங்க் அடியில் தண்ணீர் சேரும். எத்தனால் தாங்கும் டியூபும் டயாஃப்ரமும் போடுவது செலவு அல்ல, கட்டாயம்.

ஹீட் முள் சிவப்புக்குப் போகிறது

ஒரே நேரத்தில் பெட்ரோல் முள்ளும் சேர்ந்து மேலே போனதா என்று முதலில் பாருங்கள். இரண்டு முள்ளும் ஒரே 10 வோல்ட் ஸ்டெபிலைசரிலிருந்துதான் கரண்ட் எடுக்கின்றன. டேஷ்போர்டைத் திரும்பச் சேர்க்கும்போது அந்த ஸ்டெபிலைசரின் எர்த் விட்டுப்போனால், எஞ்சின் குளிர்ந்து இருந்தாலும் இரண்டு முள்ளும் எகிறும். என் வண்டியில் இதை ரேடியேட்டர் கோளாறு என்று நினைத்து இரண்டு வாரம் போனது.

உண்மையான சூடு என்றால் ரேடியேட்டர் மூடியிலிருந்து தொடங்குங்கள். ஊட்டியில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். எஞ்சினின் தெர்மோஸ்டாட் 82 டிகிரியில் திறப்பது. நடுவில் உள்ள இடைவெளி 10 டிகிரிதான். ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் அழுத்தம்தான் நமக்கு மிச்ச இடத்தைத் தருகிறது. சமவெளியில் நைந்த மூடியோடு ஓட்டிவிடலாம், இங்கே முடியாது. மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் வேறு எதையும் பார்க்காமல் அதை மாற்றுங்கள்.

எஞ்சின் பிரித்துச் சேர்த்தபின் வரும் சூட்டுக்கு இன்னொரு காரணம் ஏர் லாக், அதாவது கூலன்ட் வழியில் சிக்கிய காற்று. இதற்கு மலையே மருந்து. வண்டியின் மூக்கு மேலே பார்க்கும்படி ஏற்றத்தில் நிறுத்தி, ஹீட்டர் வால்வைத் திறந்து வைத்து, மெல்ல மெல்லக் கூலன்ட் ஊற்றுங்கள். குமிழி எல்லாம் வெளியே வந்துவிடும். வெறும் தண்ணீர் வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியின் பள்ளப் பகுதிகளில் உறைபனி விழுகிறது.

குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. டைமிங் பின்னால் போயிருந்தாலும், அதாவது ஸ்பார்க் தாமதமாக வந்தாலும், சூடேறும். அதை லைட் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

ஆயில் மூடிக்கு அடியில் மோர் போல வெள்ளை

ஹெட் கேஸ்கெட் என்று பயந்துவிடாதீர்கள். டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். அதில் ஆயில் சுத்தமாக இருந்து, கூலன்ட் அளவும் குறையாமல் இருந்தால் அது பனியின் ஈரம். வீட்டிலிருந்து மார்க்கெட், மார்க்கெட்டிலிருந்து வீடு என்று எஞ்சின் சூடாகும் முன்பே அணைத்துவிடும் வண்டியில் இப்படிச் சேரும். கோத்தகிரிவரை ஒரு ஓட்டு ஓட்டி வந்தால் போய்விடும்.

இறக்கத்தில் பிரேக்

இதை மட்டும் நிதானமாக, முழுவதும் படியுங்கள்.

பெடல் கீழே போய்விடுகிறது, பஞ்சு போல இருக்கிறது, வண்டி ஆறிய பிறகு பெடல் மீண்டும் மேலே வருகிறது: பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. பெடல் கல் போலக் கெட்டியாக நிற்கிறது, எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்கவில்லை: லைனிங், பேட் சூடேறிப் பிடிப்பை இழந்துவிட்டது. ஆறிய பிறகும் பெடல் கீழேயே இருக்கிறது, பம்ப் செய்தால் மட்டும் ஏறுகிறது: உள்ளே காற்று, கசிவு, அல்லது மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் போய்விட்டது. மூன்றும் மூன்று வேறு நோய். காலில் உணர்ந்ததை வைத்துத்தான் பிரிக்க முடியும்.

எனக்கு நடந்தது முதலாவது. வண்டி ஓடத் தொடங்கிய புதிதில் ஒரு கடையில் பிரேக் ஆயில் மாற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் இறங்கினேன். பர்லியார் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பெடல் தரைக்குப் போனது. இரண்டாம் கியரில் இருந்ததாலும் ஹேண்ட் பிரேக் பிடித்ததாலும் ஓரமாக நிறுத்த முடிந்தது. பக்கத்தில் மனைவி உட்கார்ந்திருந்தாள். பிறகு ஆயிலை எடுத்துப் பார்த்தேன். டீ நிறத்தில், திறந்து வெகுநாள் ஆன டப்பாவின் ஆயில். அன்றிலிருந்து பிரேக் ஆயிலை நானே, சீல் உடையாத டப்பாவிலிருந்து, வருடம் ஒருமுறை மாற்றுகிறேன்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கும். டாட் 4 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரிவரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155-க்கு இறங்குகிறது. டாட் 3-க்கு அதே கணக்கு 205-ம் 140-ம். மலைக்கு டாட் 4 போடுங்கள். என் வண்டியில் பிரேக் லைன் ஒரே சர்க்யூட். ஒரு டியூப் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். அதனால் ரப்பர் டியூப்களில் பழையது ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. வெளியே நன்றாகத் தெரியும் டியூப் உள்ளே வீங்கி அடைத்திருக்கும். பிரேக்கை விட்ட பிறகும் ஒரு சக்கரம் மட்டும் பிடித்துக்கொண்டு சூடாவது அதனால்தான்.

காற்று எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் தொடங்கி அருகில் வாருங்கள். பிரேக் ஆயில் பெயிண்டில் பட்டால் உரித்துவிடும், உடனே தண்ணீர் ஊற்றுங்கள். எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மட்டும் நம்பி இறங்க இந்த வண்டியை எடுத்துப்போக வேண்டாம்.

கிளட்ச் மிதித்தால் எஞ்சின் சத்தம் மாறுகிறது

எஞ்சினை அணைத்துவிட்டு, ஒருவரைக் கிளட்ச் மிதிக்கச் சொல்லி, கிராங்க் புல்லியைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும்படி முன்னால் நகர்ந்தால் வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். கிராங்க்கின் முன்பின் அசைவைத் தாங்கும் அரைவட்ட த்ரஸ்ட் வாசர்கள் தேய்ந்துவிட்டன. இந்த எஞ்சின் குடும்பத்தின் பரம்பரை பலவீனம் இது. கொண்டை ஊசி வளைவில் கிளட்ச்சைப் பாதி மிதித்து நிற்கும் பழக்கம் அதை இன்னும் சீக்கிரம் கொல்கிறது. வாசர் கழன்று ஆயில் சம்ப்பில் விழுந்தால் கிராங்க் நேராக பிளாக்கை அரைக்கும். நேரத்தில் கண்டுபிடித்தால், எஞ்சினை இறக்காமல் சம்ப்பை மட்டும் கழற்றி மாற்றிவிடலாம். வாசரின் பள்ளம் உள்ள பக்கம் கிராங்க்கைப் பார்க்க வேண்டும்.

வளைவு முடிந்தும் ஸ்டீயரிங் தானாக நேராக வரவில்லை

முன்சக்கரத்தின் கீழே உள்ள டிரன்னியன். பித்தளை நிறத்தில் உள்ள அந்தத் துண்டுக்குள் இரும்புத் தண்டு மரை போலச் சுற்றுகிறது. அதற்கு கியர் ஆயில்தான் போட வேண்டும், ஈபி 90. கிரீஸ் அடித்தால் மரைக்குள் ஏறாது, மழைத் தண்ணீர் உள்ளே தங்கும், தண்டு துரு ஏறி ஒருநாள் உடையும். உடைந்தால் சக்கரம் அப்படியே மடங்கிவிடும். கிரீஸ் கன்னில் ஆயிலை நிரப்பி, பழையது வெளியே வழியும்வரை அடியுங்கள். எந்த ஒர்க்‌ஷாப்பில் விட்டாலும் பழக்க தோஷத்தில் கிரீஸ்தான் அடிப்பார்கள், பக்கத்தில் நின்று சொல்லுங்கள்.

வளைவின் நடுவில் பின்பக்கம் தூக்கி வழுக்குவது தேய்மானம் அல்ல, மார்க் 3-ன் பின் ஆக்சில் அமைப்பு அப்படி. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, நடுவில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுக்காமல் ஓட்டுங்கள். பின்டயரில் முன்டயரைவிடக் கூடுதல் காற்று இருக்க வேண்டும்.

டேப்பெட் இடைவெளி குறைந்துகொண்டே வருகிறது

வால்வுக்கும் அதை அழுத்தும் நெம்புக்கும் நடுவே 0.010 அங்குலம் வைத்தது ஆயிரம் கிலோமீட்டரில் இறுகிவிட்டால் வால்வு சீட் தேய்கிறது. 2000-ல் நாடு முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. இந்த ஹெட் அந்த ஈயத்தை நம்பிச் செய்தது. கோயம்புத்தூரில் கடினமான சீட் அடித்துக் கொடுக்கும் நல்ல லேத் கடைகள் உண்டு.

ஜாக்கி ஏற்றினால் கதவு மூடவில்லை

கதவைத் திறந்து வைத்து வண்டியை ஜாக்கியில் தூக்கிப் பாருங்கள். கதவு இடைவெளி மேலே குறுகினால், கதவுக்கு அடியில் ஓடும் சில் துரு பிடித்துவிட்டது. மேலே கூரை இல்லாத இந்த வண்டியின் பாடி வளையாமல் நிற்பது அந்தச் சில்லால்தான். காந்தத்தை அதன் நெடுகிலும் ஓட்டுங்கள். ஒட்டாத இடமெல்லாம் பட்டி. ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் உள்ளே போகும்.

இதில் நான் பார்த்த பெரிய தவறு, இரண்டு பக்கச் சில்லையும் ஒன்றாக வெட்டிவிடுவது. வெட்டினால் பாடி நடுவில் தொய்ந்து, அப்புறம் எந்தக் கதவும் எந்த நாளும் பொருந்தாது. கதவு இடத்தின் குறுக்கே இரும்புப் பைப்பை வெல்டு வைத்துப் பிடித்த பிறகு, ஒரு பக்கத்தை முழுவதும் முடித்துவிட்டு மறுபக்கத்துக்குப் போங்கள். வேலை நடக்கும்போது வண்டி சேஸிஸின் மேல், நான்கு சக்கரத்தின் எடையும் இயல்பாக இருக்கும்படி நிற்க வேண்டும். சேஸிஸ் எண், எஞ்சின் எண் உள்ள இடத்தில் கிரைண்டர் படவே கூடாது. 50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் வந்த 'விஏ' (விண்டேஜ் வண்டி) பதிவுக்கு வண்டி மூல வடிவத்திலேயே இருக்க வேண்டும்.

புதுச் சில்லின் உள்பக்கத்தில் மெழுகு கலந்த துருத்தடுப்பு ஆயிலை ஊற்றுங்கள். அடியில் உள்ள வடிகால் துளைகளை மூடிவிடாதீர்கள். கதவை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, இருபது அடி உருட்டி, இடைவெளியை மறுபடி அளந்த பிறகே பெயிண்டைத் தொடுங்கள்.